மருதாயியின் கீழ்வரிசை

கரும்பு வெட்டப் போகிற மருதாயிக்கு ஒரே ஒரு கடைவாய்ப் பல்தான் வலித்தது. வலி பொறுக்காமல் டவுனுக்குப் பல் டாக்டரிடம் போனாள். டாக்டர் தீனதயாளன் பெரிய படிப்பாளி, அதைவிடப் பெரிய கோபக்காரர். வாயைத் திறக்கச் சொல்லி, கண்ணாடியை விட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"கீழ்வரிசை முழுக்கப் போச்சு. மொத்தத்தையும் எடுத்துட்டு பல்செட் வச்சுடலாம்."

மருதாயிக்குப் பகீரென்றது. கரும்பைக் கடித்துத் தின்னாமல் அவளுக்குப் பொங்கல் ஏது?

"வலிக்கிறது ஒண்ணுதானுங்களே ஐயா, அதை மட்டும் அடைக்கக் கூடாதா?"

"நீ டாக்டரா, நான் டாக்டரா? உன் பல்லு ஒண்ணுக்கும் தெம்பில்லை. வாழைப்பழத்தைக்கூடக் கடிக்காது!"

திரைச்சீலைக்கு வெளியே காத்திருந்தவர்கள் காதைத் தீட்டிக்கொண்டார்கள்.

"படிச்சவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள் மருதாயி. "அப்படின்னா உங்க சுண்டுவிரலைக் கொஞ்சம் பல்லுக்கு நடுவுல வையுங்க. நல்லா அழுத்திக் கடிக்கிறேன். உங்களுக்கு வலிக்கலேன்னா எல்லாத்தையும் பிடுங்கிக்குங்க."

சொல்லிவிட்டு ஆவென்று வாயைத் திறந்தாள். டாக்டரின் கை தானாகவே கோட்டுப் பைக்குள் போய் ஒளிந்துகொண்டது.

"வையுங்க டாக்டர்!" என்று வெளியிலிருந்து ஒரு குரல் வந்தது. "வாழைப்பழத்தைவிட விரல் கெட்டிதானே?"

நர்ஸம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

டாக்டர் தொண்டையைச் செருமினார். "சரி, அந்த ஒண்ணை மட்டும் அடைச்சுப் பார்க்கலாம்."

பஞ்சை எடுத்தார், மருந்தை எடுத்தார். ஆனால் வாய்க்குள் கையை விடுமுன் குனிந்து, மெல்லக் கேட்டார்:

"அம்மா... கடிக்க மாட்டீங்களே?"