மஞ்சள் விமானமும் பதினேழு விருதுகளும்

கம்ப்யூட்டர் வந்த பிறகும் ராஜா ஒழியாத ஊர் ஒன்று இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊர் வேலம்பாடி. ராஜா ரணதீரர். பெயரில்தான் ரணம், போர் ஒன்றும் வரவில்லை. பொழுது போகாமல் கொலுமண்டபத்தில் பெரிய திரையை மாட்டினார். சிம்மாசனத்துக்கு முன்னால் விமான ஸ்டியரிங்கைப் பொருத்தினார். இணையத்தில் விமானம் ஓட்டும் விளையாட்டில் இறங்கிவிட்டார்.

அது தனியாக ஆடுகிற ஆட்டமில்லை. எங்கெங்கோ உட்கார்ந்து ஆயிரம் பேர் ஒரே வானத்தில் பறப்பார்கள். டவரிலிருந்து வழி சொல்லவும் நிஜ மனிதர்கள் உண்டு. ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு கால் சைன், அதாவது ரேடியோவில் கூப்பிடும் பெயர். டவர் அந்தப் பெயரை முதலில் சொல்லும், பிறகுதான் கட்டளை. விமானி கட்டளையைத் திருப்பிச் சொல்லி, தன் பெயரையும் சொல்லி முடிக்க வேண்டும். அதுவரை மற்றவர்கள் எல்லோரும் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். இப்படியொரு நல்ல வழக்கம் வேலம்பாடி அரசவையில் இல்லை என்பதில் எனக்கு வருத்தம்தான்.

ராஜாவுக்குக் கால் சைன் தேர்ந்தெடுத்தவன் அவை விகடன் குழைக்காதன். 'கே நாற்பத்தொன்று' என்று வைத்திருந்தான். ராஜா அந்தப் பெயரில் தொண்ணூறு முறை பறந்திருந்தார். ஒரு முறைகூட முழு விமானத்தோடு தரையிறங்கியதில்லை.

தளவாய் தண்டபாணியாருக்கு வேலையில்லாத மைத்துனன் ஒருவன் இருந்தான். விகடன் பதவிமேல் அவனுக்கு ஒரு கண். அதனால் ஒரு காலை தளவாய் மெல்ல ஆரம்பித்தார்.

"மகாராஜா, கே நாற்பத்தொன்று என்றால் டவுன்பஸ் நம்பர் மாதிரி இல்லையா? தங்களுக்கு விருதுப் பெயர்கள் பதினேழு இருக்கின்றன. ஒன்றைக்கூடவா காணோம்?"

ராஜாவுக்குச் சுருக்கென்றது. "குழைக்காதா! நாளை நான் பறக்கும்போது பதினேழு விருதும் என் கால் சைனில் இருக்க வேண்டும். ஒரு விருதைக்கூட விடக்கூடாது. விட்டாயோ, உன் பதவி தளவாயின் மைத்துனனுக்கு!"

பதினேழு விருதுகளையும் மூச்சு விடாமல் சொன்ன ஆள் அந்த ராஜ்யத்திலேயே கிடையாது. ஆனாலும் குழைக்காதன் தலையை ஆட்டினான்.

"உத்தரவு, மகாராஜா. ஒரே ஒரு சிக்கல். தன் விருதைத் தானே சொல்லிக்கொள்வது அரசருக்கு அழகில்லை. பக்கத்தில் நின்று கட்டியம் கூற ஆள் வேண்டும். நம் தளவாயின் தொண்டை வேறு யாருக்கு வரும்?"

தளவாய் பூரித்துப்போனார்.

"இன்னொன்று, விமானத்துக்கு நல்ல மஞ்சள் வர்ணம் பூசிவிடுகிறேன். மங்களகரமாக இருக்கும்."

"பூசு, பூசு" என்றார் ராஜா.

மறுநாள் அவை கூடியது. மஞ்சள் விமானம் ஒரு மலையடிவார விமான நிலையத்தை நெருங்கியது. டவரில் இருந்தவள் பூரணி என்ற பெண். திரையில் ராஜாவின் பெயரைப் பார்த்ததும் அவள் இருமினாள். அந்தப் பெயர் பாதி வானத்தை மறைத்துக்கொண்டிருந்தது.

"மாற்றார் தலைவாங்கி, மதயானை அடக்கி, ஏழ்குளம் வெட்டிய எம்பிரான்..." என்று தொடங்கினாள், பாவம். (ஏழில் ஐந்து குளம் இன்னும் வெட்டவில்லை. அது வேறு கதை.) பதினேழாவது விருதுக்கு வந்து, "வலப்பக்கம் திரும்புங்க" என்று அவள் முடிப்பதற்குள் ஓடுபாதை பின்னால் போய்விட்டது.

தளவாய் மார்பை நிமிர்த்தினார். "வலப்பக்கம் திரும்புகிறோம்! மாற்றார் தலைவாங்கி, மதயானை அடக்கி..."

இறங்கக் காத்திருந்த பன்னிரண்டு விமானங்கள் வானத்தில் வட்டமடித்தன. தளவாய் மூச்சு வாங்க நிறுத்திய இடைவெளியில் ஒரு விமானி கத்தினார். "யாருய்யா அது, கல்யாணப் பத்திரிகை வாசிக்கிறது?"

அடுத்த சுற்றிலும் அதே கதை. அதற்கடுத்த சுற்றில் தளவாயின் குரல் கம்மிப் பத்தாவது விருதிலேயே நின்றுவிட்டது. பதினேழும் சொல்லாமல் கட்டளை செல்லாதே! ராஜா என்ன செய்வதென்று தெரியாமல் நேராகவே ஓட்டினார். நேர் எதிரே மலை.

பூரணி பார்த்துவிட்டாள். "மாற்றார் தலைவாங்கி, மதயானை அடக்கி, ஏழ்குளம்... ஏய், மஞ்சள்! மலைடா! தூக்குடா மேலே!"

"இதோ தூக்கிட்டேம்மா!" என்று அலறினார் ராஜா.

விமானம் மலை உச்சியை உரசுகிற மாதிரி தாண்டியது.

"மஞ்சள், இடது பக்கம் திரும்புடா!"

"திரும்பிட்டேன், மஞ்சள்!"

"அப்படியே இறக்குடா!"

"இறக்குறேன், மஞ்சள்!"

சக்கரம் தரையைத் தொட்டது. விமானம் ஓடி நின்றது. இறக்கை இரண்டும் இருந்தன, வாலும் இருந்தது. தொண்ணூற்றோராவது முறையில் ராஜா முழுசாக இறங்கிவிட்டார். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது அவருக்கு.

தளவாய் கம்மிய குரலில் கீச்சிட்டார். "மகாராஜா! அவள் தங்களை 'டா' போட்டாள்! எல்லாம் இந்தக் குழைக்காதன் செய்த வேலை!"

ராஜா முகத்தைத் துடைத்துக்கொண்டார். "உண்மையா, குழைக்காதா?"

"வர்ணம் பூசியது நான்தான், மகாராஜா. பெயர் சொல்லி முடியாதபோது நிறத்தைச் சொல்லியாவது கூப்பிடட்டும் என்று பூசினேன். தளவாய் சொன்ன பதினேழும் நாங்கள் தங்களுக்குச் சூட்டியவை. அவற்றுக்குத் தாங்கள் ஒரு தடவையும் பதில் சொல்லவில்லை. அந்தப் பெண் 'டா' போட்டுச் சூட்டிய இந்தப் பதினெட்டாவதுக்குத்தான் தளவாய் வாயைத் திறப்பதற்குள் தாங்களே பதில் கொடுத்தீர்கள்."

ராஜா ஒரு கணம் முறைத்தார். அப்புறம் தொப்பை குலுங்கச் சிரித்தார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி விகடனுக்குப் போட்டார்.

"பதவி உனக்கேதான்! கால் சைனும் இனிமேல் அவள் கூப்பிட்டதே இருக்கட்டும். ஆனால் அந்த 'டா'வை மட்டும் எடுத்துவிடு."

குழைக்காதன் மாலையைச் சரிசெய்துகொண்டு கைகூப்பினான்.

"எடுத்துவிடலாம், மகாராஜா. ஆனால் ஒரு விருதைக்கூட விடக்கூடாது என்று நேற்றுத் தாங்கள்தானே ஆணையிட்டீர்கள்?"