திரும்பிப் பாக்கப் போன டிரைவர்

ஒரு மலையூர்ல ஒரு மினி பஸ் டிரைவர் இருந்தாரு. பேரு பாக்கியநாதன். கால நீட்டிப் படு தங்கம், சித்தி சொல்றேன். நீ "ம்" சொல்லணும், சரியா?

ம்.

ரொம்ப நிதானமான மனுஷன். ஒரு கோழிக்குஞ்சு மேலகூட வண்டிய விட்டதில்ல. ஆனா ஒருநாள் சக்கரம் பள்ளத்துல இறங்கி "டொக்"குன்னுச்சு. அப்போ அவருக்குத் திடீர்னு ஒரு நினைப்பு. "ஐயோ, யாரையாவது இடிச்சுட்டோமோ?" வண்டிய ஓரங்கட்டிட்டு ஓடிப்போய்ப் பாத்தா, வெறும் பள்ளம்.

"அப்புறம் சரியாயிடுச்சா?"

அதான் இல்ல. அப்புறம் இன்னொரு நாள் "டொக்". மறுபடி ஓடினாரு. பள்ளத்தப் பாத்தாரு, யாருமில்ல. "புதருக்குள்ள உருண்டிருந்தா?" புதர விலக்கிப் பாத்தாரு. திரும்பி வந்து ஸ்டியரிங்கப் பிடிச்சா, "சரியாப் பாத்தமா?"ன்னு மனசு கேக்குது. திரும்ப இறங்கினாரு. பாக்கப் பாக்க நினைப்பு அடங்கல, இன்னும் ஏறுது.

வீட்டுக்கு வந்தா அவரு பொண்டாட்டி எஸ்தர்கிட்ட கேப்பாரு. "நான் யாரையும் இடிக்கலைல்ல?" "இல்லைங்க." "நிச்சயமா?" "நிச்சயமா இல்லைங்க." கொஞ்ச நேரம் நிம்மதி. சோறு போடறதுக்குள்ள மறுபடி கேப்பாரு.

அப்புறம் ஒரு சந்தை நாள். பஸ் நிறைய ஜனம். எஸ்தரும் முன் சீட்ல உக்காந்திருக்கா. இறக்கத்துல "டொக்"! பாக்கியநாதன் பிரேக்க அமுக்கினாரு. "ஒரே நிமிஷம்"னு குதிச்சு இறங்கி, பின்னாடி ஓடினாரு. ரோட்டப் பாத்தாரு. ஒண்ணுமில்ல. "அப்பாடா"ன்னு திரும்பினா...

நிறுத்தின இடத்துல பஸ் இல்ல!

"ஐயையோ! எங்க போச்சு?"

கட கட கடன்னு தானா உருண்டு போகுது! போன அவசரத்துல ஹேண்ட் பிரேக் போட மறந்துட்டாரு. உள்ள ஒரே அலறல். எஸ்தர் ஜன்னல்ல தலைய நீட்டி, "ஏங்க!"ன்னு கத்துறா. இவருக்குக் காலே நகரல. அப்போ கண்டக்டர் சாகுல், பின்னாடி டிக்கெட் போட்டுட்டிருந்தவன், ஆளுங்க மேலயே விழுந்தடிச்சு முன்னாடி வந்து ஹேண்ட் பிரேக்க இழுத்தான். கிரீ...ச்! டமால்! ரோட்டோரப் பாறையில மோதி நின்னுச்சு. அந்தப் பக்கம் அதலபாதாளம்.

யாருக்கும் உயிருக்கு ஒண்ணும் ஆகல. எஸ்தருக்கு நெத்தியில ரத்தம். பாக்கியநாதன் அதப் பாத்துட்டு நடுரோட்டுல உக்காந்துட்டாரு. "யாரையும் கொன்னுடக் கூடாதுன்னுதானடி ஓடினேன். உங்க எல்லாரையும் கொல்லப் பாத்தேனே!" சாகுல்கிட்ட சாவியக் குடுத்தாரு. "இனிமே வண்டியத் தொடமாட்டேன் தம்பி."

தூங்கிட்டியா?

"இல்ல. அப்புறம்?"

எஸ்தர் அவரக் கீழ டவுனுக்கு மனநல டாக்டரம்மாகிட்ட கூட்டிட்டுப் போனா. அந்தம்மா எல்லாத்தையும் கேட்டுச்சு. இது ஒரு வியாதி, நிறைய பேருக்கு வருதுன்னு சொல்லி மாத்திரை குடுத்துச்சு. அப்போ இவரு, "நான் யாரையும் இடிக்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா"ன்னாரு.

"சொல்லமாட்டேன்."

இவருக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு.

"உங்க வீட்டம்மாவும் இனிமே சொல்லக் கூடாது. சொல்லச் சொல்ல அந்த நினைப்பு இன்னும் வளரும். நினைப்பு வந்தா வரட்டும். பயமாத்தான் இருக்கும், இருக்கட்டும். அது சொல்லுதேன்னு திரும்பிப் பாக்க மட்டும் போகாதீங்க."

கொஞ்ச மாசம் கழிச்சு, டாக்டரம்மா ஓட்டலாம்னு சொன்ன பிறகு, ஆளில்லாத பஸ்ஸ எடுத்தாரு. பக்கத்துல எஸ்தர். வளைவுல "டொக்". வேர்வை கொட்டுது. "எஸ்தர், யாரையும் இடிக்கலைல்ல?"

எஸ்தருக்கு "இல்லைங்க"ன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துடுச்சு. உதட்டக் கடிச்சுக்கிட்டா. "தெரியாதுங்க."

அவரு அதிர்ந்து போயி அவளப் பாத்தாரு. அவ கண்ணு கலங்கியிருக்கு. இவரு கால் பிரேக்குக்குப் போச்சு. அப்புறம் மெதுவா எடுத்தாரு. வண்டி போச்சு. நினைப்பும் கூடவே கத்திக்கிட்டு வந்துச்சு. பஸ் ஸ்டாண்டு வந்து அரைமணி நேரம் ஸ்டியரிங்கப் பிடிச்சபடியே இருந்தாரு. மெல்ல மெல்லப் படபடப்பு தணிஞ்சுச்சு. யாரும் எதுவும் சொல்லல, அவரும் போய்ப் பாக்கல, தானாவே தணிஞ்சுச்சு! அதுதான் அவருக்கு எல்லாத்தையும் விடப் பெரிய ஆச்சரியம்.

"அப்புறம் அந்த நினைப்பு வரவே இல்லையா சித்தி?"

வந்துச்சு. அடுத்த நாளும் வந்துச்சு. அவரு போய்ப் பாக்கல. ஒருநாள் எஸ்தர் கேட்டா, "இப்போ வந்துச்சாங்க?" "ம், வந்துச்சு"ன்னாரு. "பசிக்குது, சாப்பாட்ட எடு."

அவங்க சாப்பிடட்டும், நாம போர்த்திக்குவோம். கதை அவ்வளவுதான், கண்ண மூடு தங்கம்.

...ம்.