சரணம் சின்னவங்க மட்டும்

"பிள்ளைகளுக்கு இனி நான் வேண்டாம், ஐயா."

சபையின் வாலிபர் ஐக்கியத்தை நடத்திவந்த ஜெபசீலி, அதன் அறைச் சாவியை மேசைமேல் வைத்தாள். கோபம் வந்தால் அவளுக்கு அழுகை முந்திக்கொள்ளும். அன்றும் முந்திக்கொண்டது.

போதகர் எசேக்கியேல் வயதில் அவளைவிட இளையவர். சாவியைத் தொடவில்லை.

"என்ன ஆச்சு அக்கா?"

"நாளைக்குக் குருத்தோலை ஞாயிறு பவனி. பாட்டு, வரிசை, எல்லாத்தையும் அவங்களே முடிவு பண்ணிட்டாங்க. என்னை ஒரு வார்த்தை கேக்கலை. மூக்கொழுகிக்கிட்டு வந்த பிள்ளைங்க! நான்தான் பாடப் பழக்கினேன்."

"நாளைக்குக் கடைசி ஆளா நடங்க. என்ன நடந்தாலும் வாயைத் திறக்கக் கூடாது."

"பாட்டு தப்பினாலுமா?"

"தப்பினாலும்."

"என்னால ஆகாதே ஐயா."

"கையில இருக்க ஓலையைக் கடிச்சுக்கிடுங்க."

மறுநாள் காலை பவனி கடைத்தெருவுக்குள் திரும்பியது. முதல் வரிசையில் குட்டிப்பெண் ரூபி, ஆர்வக்கோளாறில் அடுத்த பாட்டைத் தானே எடுத்துவிட்டாள். எடுத்தது பெரியவர்களுக்கு எட்டாத உச்ச சுருதியில்.

இந்தச் சபைக்குப் பழகிப்போன விபத்துதான். சரணம் வரும்போது ஆண்களுக்குத் தொண்டை கிழியும். பெண்கள் பாதியில் நிறுத்துவார்கள். கடைக்காரர்கள் சிரிப்பார்கள்.

ஜெபசீலி பவனியை நடத்தியிருந்தால் கையைத் தட்டி நிறுத்தி, முதலிலிருந்து ஆரம்பித்திருப்பாள். சின்னவளாக இருந்தபோது இதே தப்பைச் செய்த எப்சிபாவை அவள் அப்படித்தான் நிறுத்தினாள். அதற்குப் பிறகு அந்தப் பெண் ஒரு வருஷம் கோவிலில் வாயே திறக்கவில்லை.

ஜெபசீலி ஓலையைக் கடித்தாள்.

இன்று பவனியை நடத்துவது அந்த எப்சிபாதான். இப்போது கல்லூரியில் படிக்கிறாள். பல்லவி முடிந்ததும் கையை உயர்த்தினாள்.

"சரணம் சின்னவங்க மட்டும்!"

அந்த உச்சத்தில் சின்னக் குரல்கள் சுகமாக ஏறி இறங்கின. முடிந்ததும் எப்சிபா பெரியவர்களைப் பார்த்துக் கை காட்டி, அடுத்த சரணத்தைக் கீழ் சுருதியில் எடுத்துக் கொடுத்தாள்.

முன்பே பேசிவைத்த ஏற்பாடு என்றே ஊர் நினைத்தது. தான் செய்த தப்பு ரூபிக்கே தெரியாது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தாள்.

ஆராதனை முடிந்து ஜெபசீலி போதகர் அறைக்கு வந்தாள். கையிலிருந்த ஓலை நுனி சக்கையாகியிருந்தது. கண்கள் நிறைந்திருந்தன, கோபம் மட்டும் இல்லை.

"ஐயா, இதை நான் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கலை."

"தெரியும்."

"இத்தனை வருஷத்துல எனக்கே தோணலை. அவளுக்குத் தோணியிருக்கு. பெருமை தாங்கலை ஐயா, நெஞ்சு வெடிச்சிரும் போல இருக்கு."

போதகர் மேசைமேல் கிடந்த சாவியை அவள் பக்கம் நகர்த்தினார்.

ஜெபசீலி அதை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். திரும்பி வந்தபோது கை வெறுமையாக இருந்தது.

"சாவி எங்க அக்கா?"

"எப்சிபாகிட்ட."

"அப்ப நீங்க?"

"பெரியவங்க வரிசையில நிப்பேன். அவ கை காட்டுறப்போ பாடுவேன்."