டேப்புக்கு அடியில்

"கோடு கசியுது டீச்சர்," என்றார் தெய்வசிகாமணி.

பெனிட்டா திரும்பவில்லை. வண்ணத் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு நாற்பது வயது. சீடருக்கு அறுபத்திரண்டு. சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டு வரலாம்.

முப்பத்தைந்து வருஷம் அணைக்கட்டுகளுக்கு வரைபடம் போட்டவர் அவர். ஒரு கோடு கோணியதில்லை. ஓய்வுபெற்று ஓவியம் கற்க வந்தார். வந்த இடத்தில் கோடு காலை வாரிவிட்டது.

வெள்ளைக் கேன்வாஸில் ஒரு சிவப்புச் சதுரம். அவ்வளவுதான் படம். சுற்றிலும் டேப் ஒட்டி, உள்ளே சிவப்பைப் பூசி, டேப்பை உரிக்க வேண்டும். உரித்தால், அதன் அடியில் புகுந்த சிவப்பு எறும்புக்கால் மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும்.

"போன வருஷம் கண்காட்சியில என் படத்தை என்ன சொல்லித் தள்ளினாங்க தெரியுமா? அணை வரைஞ்ச கை இப்படி ஒழுகுதேன்னாங்க."

"நல்லாத்தான் சொல்லியிருக்காங்க."

"சிரிக்காதீங்க. நாலு மணிக்குப் படத்தை எடுக்கக் கண்காட்சி வண்டி வந்துரும். இந்தத் தடவையும் தள்ளினா நான் பிரஷைத் தொடமாட்டேன்."

பெனிட்டா திரும்பினாள். "என்னென்ன செஞ்சு பார்த்தீங்க?"

"நகத்தால தேய்ச்சேன். ஸ்பூனால அழுத்தினேன். ஜப்பான் டேப் வாங்கினேன். ஆறு கேன்வாஸ் போச்சு. இதுதான் கடைசி."

கடைசிக் கேன்வாஸ் மேஜைமேல் கிடந்தது. வெள்ளை பூசிக் காய்ந்து, நாலு பக்கமும் டேப் ஒட்டித் தயாராக.

அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்தாள். கேன்வாஸுக்குப் பூசிய அதே வெள்ளைப் பெயிண்ட் டப்பாவைத் திறந்தாள். டேப்பின் உள் ஓரம் முழுக்க வெள்ளையைத் தாராளமாக இழுத்தாள்.

"ஐயோ! என்ன டீச்சர் இது? வெள்ளைமேல எதுக்கு வெள்ளை?"

"காயணும்."

"மணி மூணு!"

"நீங்க நின்னா மணியும் நிக்குமா? உட்காருங்க சார்."

உட்கார்ந்தார். வெள்ளை காய்ந்தது.

"இப்பப் பூசுங்க உங்க சிவப்பை."

பூசினார்.

"ஈரத்தோடயே உரிங்க."

உரித்தார். மூச்சுகூட விடவில்லை.

கத்தியால் கீறியமாதிரி நாலு ஓரம்.

லென்ஸ் வைத்துப் பார்த்தார். மூக்கு படுகிற தூரத்தில் குனிந்து பார்த்தார்.

"கசியவே இல்லையே!"

"கசிஞ்சுது."

"எங்க?"

"டேப்புக்கு அடியில. முதல்ல வெள்ளை கசிஞ்சு சந்து பொந்தையெல்லாம் அடைச்சிருச்சு. வெள்ளைமேல வெள்ளை, யார் கண்ணுக்குத் தெரியும்? அப்புறம் வந்த சிவப்புக்கு இடமில்லை."

கீழே வண்டி ஹாரன் அடித்தது. அவர் அசையவில்லை. முகம் சிவந்துவிட்டது.

"ரெண்டு வருஷமா வர்றேன். கசியிறதை எப்படி நிறுத்துறதுன்னு தினம் தினம் கேட்டேன். ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

"அது எனக்கு இன்னிக்கும் தெரியாது சார்," என்றாள் பெனிட்டா.