அஞ்சாவது கொக்கி

"குருவே, அந்தக் காலிக் கொக்கியில என் படகு எப்ப ஏறும்?"

சென்னியப்பன் இதைக் கேட்டப்ப அவரோட படகு இன்னும் வேன்லயிருந்தே இறங்கல.

மரகதம் டீயை ஆத்திக்கிட்டே சொல்லுச்சு: "ஓடி ஓடி ஓஞ்ச படகுதானுங்ணா அங்க ஏறும். அதுவும் நல்லாக் காஞ்சப்புறம். ஈரத்தோட மாட்டுனா உத்தரம் உளுத்துப் போயிரும்."

"புரிஞ்சுது குருவே."

புரியல.

குருவுக்கு முப்பத்தஞ்சு வயசு. சிஷ்யருக்கு அம்பத்திரண்டு. மேட்டுப்பாளையம் தாண்டி, மலை இறங்கி வர்ற ஒரு ஆத்தங்கரையில மரகதம் கயாக் ஓட்டச் சொல்லித் தருது. கயாக்குன்னா, ஒத்தை ஆளு காலை நீட்டி உள்ள சொருகி உக்காந்து, ரெண்டு பக்கமும் அலகு வச்ச துடுப்புப் போடற படகு. பாறைக்கு நடுவுல தண்ணி நுரை தள்ளிப் பாயற எடத்துக்குன்னே செஞ்சது.

சென்னியப்பனுக்குக் கோயமுத்தூர்ல தண்ணித் தொட்டி கம்பெனி. மொட்டை மாடியில கருப்பா உக்காந்திருக்குமே, அந்தத் தொட்டி. ஊர்ல பாதி மாடியில அவர் தொட்டிதான். ஒருத்தராவது அண்ணாந்து பாத்து, "அடடா, யாரு செஞ்சது?"ன்னு கேட்டதுண்டா? கிடையாது. தண்ணி வரலைன்னாத்தான் அண்ணாந்து பாப்பாங்க. அப்பவும் வேற மாதிரிதான் கேப்பாங்க.

அப்பேர்ப்பட்டவர் ஒரு நாள் கயாக் கத்துக்கலாம்னு மரகதத்தோட கொட்டாய்க்கு வந்து அண்ணாந்து பாத்தார்.

உத்தரத்துல வரிசையா நாலு பழைய படகு. மொதல்ல மரச்சட்டத்துல துணி போத்துனது, மடக்கி மூட்டை கட்டி ரயில்ல கொண்டு போலாம். அடுத்தது ஃபைபர், நீட்டமா, மூக்கும் வாலும் தோசைத் திருப்பி மாதிரி சப்பையா. மூணாவது பிளாஸ்டிக். நாலாவது குட்டையா, அடி தட்டையா, பாத்ரூம் செருப்பு மாதிரி. வர்றவங்க எல்லாம் கழுத்து வலிக்க அந்த நாலையும் பாத்துட்டு நிக்கறாங்க.

அஞ்சாவது கொக்கி காலி.

அன்னைக்குப் போச்சு அவர் தூக்கம்.

நாலு படகையும் ஏணி போட்டு ஏறி அளந்தார். தொட்டி வாக்கற அதே அடுப்புல ஒரு படகு வாத்தார். அதைத்தான் இப்ப வேன்ல கொண்டு வந்திருக்கார்.

"துணிப் படகோட லேசு, ஃபைபரோட நீளம், பிளாஸ்டிக்கோட கெட்டி, குட்டையோட தட்டை. நாலையும் ஒண்ணாச் சேத்துட்டேன் குருவே."

மரகதம் வேனைச் சுத்தி வந்துச்சு.

"லேசும் கெட்டியும் ஒண்ணாச் சேந்திருச்சுங்களா?"

"சேந்திருச்சு."

"இறக்குங்க பாக்கலாம்."

நாலு பேர் இறக்குனாங்க. அதுல ஒருத்தர் இடுப்பைப் புடிச்சிட்டு உக்காந்தவர், எந்திரிக்கவே இல்ல.

ஆத்துல விட்டாங்க. முன்பாதி, தண்ணியோட போலாம்னுச்சு. பின்பாதி, பாறைகிட்டயே இருந்துக்கலாம்னுச்சு. நடுவுல சென்னியப்பன், பஞ்சாயத்துக்கு வந்தவர் மாதிரி, ரெண்டு பக்கமும் திரும்பித் திரும்பிப் பாத்தார். அப்புறம் முங்குனார்.

அடுத்த வாரம் வந்து பாத்தா, அந்தப் படகுல எருமை தண்ணி குடிச்சிட்டிருக்கு.

"குருவே, இதுக்கு என்ன அர்த்தம்?"

"எருமைக்குத் தாகமுங்ணா."

கோயமுத்தூர் வரைக்கும் அதையே நினைச்சுக்கிட்டு வண்டி ஓட்டினார். எருமை. தாகம். ஆழமா ஏதோ சொல்லியிருக்குது. சிக்னல்ல பச்சை விழுந்து, பின்னாடி பஸ்காரன் வேற மாதிரி ஆழமாச் சொன்னப்புறந்தான் வண்டி நகந்துச்சு.

ரெண்டாவது படகைக் கொண்டு வந்தப்ப அவருக்கு நடையே மாறியிருந்துச்சு.

"கவிழவே கவிழாது குருவே. யானை ஏறுனாலும் கவிழாது."

அகலம் அப்படி. கட்டில்ல மூக்கு வச்ச மாதிரி.

அந்த ஆத்துல ஒரு இறக்கம் இருக்கு. பேரு சம்பந்தி. மேல தண்ணி வழவழன்னு வாங்க வாங்கன்னு கூப்பிடும். கீழ விழுந்ததும் நுரை சுருட்டித் திரும்ப உள்ளயே இழுக்கும். வந்தவங்களை லேசுல அனுப்பாது. அதனால அந்தப் பேரு.

சென்னியப்பன் உள்ள இறங்கினார். படகு குறுக்க திரும்பிச்சு. நுரையில நின்னு குதிச்சுது. போகவும் இல்ல, கவிழவும் இல்ல.

"பாத்தீங்களா குருவே, கவிழல."

"ஆமாங்ணா."

"எப்படி ஆட்டுனாலும் கவிழல."

"தெரியுதுங்ணா. எப்ப வெளிய வருவீங்க?"

வாயைத் திறந்தார். வாயில நுரை.

மரகதம் கரைப் பாறையில உக்காந்து டிபன் பாக்ஸைத் திறந்துச்சு. தக்காளிச் சாதம்.

"குருவே."

"சொல்லுங்ணா."

"இதுல இருந்து எப்படி வெளிய வர்றது?"

"கவுந்திருங்ணா. கவுந்தா அடித்தண்ணி இழுத்து வெளிய விட்டிரும்."

"இது கவிழாதே."

"அதைத்தானுங்ணா நானும் யோசிக்கறேன்."

ரெண்டு வாய் சாப்பிட்டுச்சு. படகு குதிச்சுக்கிட்டே இருந்துச்சு.

"அம்மிணி."

குரு போயி அம்மிணி ஆயாச்சு.

"சொல்லுங்ணா."

"அந்தக் கயிறு..."

"ஊறுகா ஒண்ணு தொட்டுட்டு வந்தர்றேன்."

"ஆத்தா."

கயிறு பறந்து வந்து மடியில விழுந்துச்சு.

கரைக்கு இழுத்தாச்சு. ஆனா ஆளு படகுக்குள்ளயிருந்து வரல. ஓட்டை சின்னது, தொப்பை பெருசு, முட்டி ரெண்டும் உள்ளயே பூட்டிக்கிச்சு. ரெண்டு பேர் இழுத்து, தேங்கா எண்ணெய் ஊத்தி, ஒருத்தர் அவரையும் ஒருத்தர் படகையும் புடிச்சுப் பிரிச்செடுத்தாங்க.

ஒரு துண்டைப் போத்திக்கிட்டு அவர் கொட்டாயில உக்காந்தார். மேல பாத்தார். கண்ணு நாலு படகுலயும் ஊர்ந்து அஞ்சாவது கொக்கியில போய் நின்னுச்சு.

"குருவே, அந்த நாலும் எப்படிப் பொறந்துச்சு? பெரிய பெரிய கணக்கெல்லாம் போட்டிருப்பாங்க."

"துணிப் படகு, வீட்டுல வைக்க எடமில்லாதவங்க செஞ்சது."

"...நீட்டம்?"

"பந்தயத்துல தண்ணிக்கு மேல கம்பு தொங்கும், அதுல படாமப் போகணும். பட்டுக்கிட்டே இருந்துச்சு. சரின்னு மூக்கையும் வாலையும் சப்பையாக்கி அடியில நுழைச்சிட்டாங்க."

"பிளாஸ்டிக்?"

"ஃபைபர் பாறையில பட்டா ஒடையும். ஆத்துல இருந்த நேரத்தை விடப் பசை காயக் காத்திருந்த நேரம் ஜாஸ்தி. கடுப்பாயிட்டாங்க."

"குட்டை?"

"ஒருத்தனுக்குக் கீழ வரைக்கும் போக இஷ்டமில்ல. ஒரே அலையில உக்காந்து நாள் பூரா விளையாடணும்."

சென்னியப்பன் துண்டை இழுத்துப் போத்திக்கிட்டார்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதானுங்ணா." மரகதம் அவர் பக்கம் திரும்புச்சு. "உங்களுக்கு எங்கீங்ணா வலிக்குது?"

"முட்டி."

அதுக்கப்புறம் அவர் பேச்சை நிறுத்தல. வலது முட்டி மடங்கறதில்ல, மடங்குனா நீளறதில்ல. படகுக்குள்ள உக்காந்தா ஓட்டறதைப் பத்தி நினைப்பே வர்றதில்ல, எப்படி எந்திரிப்போம்ங்கற நினைப்புத்தான். கவுந்தாத் தண்ணிக்குப் பயமில்ல குருவே, அந்த ஓட்டைக்குத்தான் பயம். இதை வெளிய சொன்னா, வயசான காலத்துல உனக்கு இதெல்லாம் எதுக்குன்னு கேப்பாங்க.

மரகதம் எல்லாத்தையும் கேட்டுச்சு. எந்திரிச்சுப் போய் எருமையைப் புடிச்சுக் கட்டுச்சு.

இந்தத் தடவை சென்னியப்பன் ஏணி போடல. தன்னோட முட்டியை அளந்தார். தொப்பையை அளந்தார், மூச்சை உள்ள இழுக்காம. ஓட்டையைப் பெருசாக்கினார், முட்டி ரெண்டும் மேல வந்து கால் ஊன்ற அளவுக்கு. விழற எடத்துல இடுப்புல அடி விழக் கூடாதுன்னு மூக்கைக் குண்டாக்கித் தூக்கி விட்டார். மிச்சம் இருந்தது தொட்டிக்கு வச்சிருந்த கருப்புப் பிளாஸ்டிக் பொடி. அதையே போட்டார்.

தண்ணித் தொட்டி மாசமா இருந்தா எப்படி இருக்குமோ, அப்படி ஒண்ணு வந்துச்சு.

வெக்கமாத்தான் கொண்டு வந்தார். பேசாம ஏறினார். சம்பந்தி கூப்பிட்டுச்சு, போனார். விழுந்தார். குண்டு மூக்கு நுரையை ஏறி மிதிச்சு வெளிய வந்துச்சு. சம்பந்தி தாண்டியாச்சுன்னு அவருக்குத் தெரியவே இல்ல, இன்னும் துடுப்புப் போட்டுட்டிருக்கார்.

கரை தட்டுச்சு. தூக்கி விட மரகதம் கையை நீட்டுச்சு.

அவர் ரெண்டு காலையும் வெளிய ஊனி, தானா எந்திரிச்சு நின்னார்.

மரகதம் நீட்டுன கையை மடக்கிக்கிச்சு.

"இதாவது மாட்டலாங்களா குருவே?"

"ஈரமா இருக்குங்ணா. இருக்கட்டும், வச்சுட்டுப் போங்க."

அத்தோட வெயில் காலம் வந்திருச்சு. வெயில் வந்தா ஊர் பூரா தொட்டி கேக்கும். அவருக்கு மூச்சு விட நேரமில்ல. ஆனா வர்றவங்க போறவங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டார், என் படகு ஒண்ணு மேல தொங்குதுன்னு. சகலைகிட்ட ரெண்டு தடவை சொன்னார்.

மழை முடிஞ்சு ஒரு ஞாயித்துக்கிழமை, சம்சாரம் தெய்வானையைக் கூட்டிக்கிட்டு வந்தார். தெய்வானை பட்டுச்சேலையும், முட்டி வலிக்கு ஒரு பெல்ட்டுமா இறங்குச்சு. அவர் படகோட போட்டோவுக்கு நிக்கத் தலையெல்லாம் சீவியிருந்தார்.

கொட்டாய்க்குள்ள போனாங்க.

"எங்கீங்க?" தெய்வானை அண்ணாந்து பாத்துச்சு.

நாலு படகு. அஞ்சாவது கொக்கியில மரகதத்தோட குடை.

சென்னியப்பனுக்கு மூஞ்சி செத்துப் போச்சு. குடுகுடுன்னு வெளிய ஓடி எருமையைப் பாத்தார். எருமை பழைய படகுலதான் குடிச்சிட்டிருந்துச்சு. திரும்பினார். அகலப் படகைக் கவுத்துப் போட்டு பெஞ்சாக்கியிருந்தாங்க. அதுல வரிசையா ஆளுங்க, மடியில ஹெல்மெட். கறிக்கடைக்காரர் ஒருத்தர், ஸ்கூல் டீச்சர் ஒருத்தங்க, இன்னும் யார் யாரோ. எல்லாருக்கும் அம்பது தாண்டியிருக்கும். எல்லாரும் முட்டியைத் தேச்சு விட்டுட்டிருந்தாங்க.

"குருவே, என் படகு எங்க?"

"ஆத்துலங்ணா."

"இவங்கெல்லாம்?"

"போன வருசம் வரைக்கும் எட்டிப் பாத்துட்டு, கால் மடங்காதுன்னு திரும்பிப் போனவங்க."

அப்ப ஆத்துல மேல்பக்கம் ஒரு அலறல் கேட்டுச்சு. சம்பந்தியிலயிருந்து கருப்பா, குண்டா, மூக்கைத் தூக்கிக்கிட்டு அது வந்துச்சு. உள்ள ஒரு பேங்க் அம்மா, கண்ணை மூடிக்கிட்டு முருகனைக் கூப்பிட்டுக்கிட்டே வர்றாங்க. கரை தட்டுச்சு. கண்ணைத் திறந்தாங்க. தானா எந்திரிச்சு நின்னாங்க.

"இன்னொருக்கா போலாங்களா?"

"வரிசையில வாங்க"ன்னார் கறிக்கடைக்காரர். அதுக்குள்ள அவர் பாதி உள்ள உக்காந்தாச்சு.

சென்னியப்பன் படகையே பாத்தார். அடியெல்லாம் கீறல். அவர் அவ்வளவு பாத்துப் பாத்து வழவழன்னு வாத்தது.

"அப்ப எப்பத்தான் மாட்டுவீங்க குருவே? சகலைகிட்ட வேற சொல்லிட்டேன்."

பின்னாடி தெய்வானை சேலையை வரிஞ்சு சொருகிக்கிட்டு, பெஞ்சோட கடைசியில போய் உக்காந்துச்சு.

மரகதம் குனிஞ்சு படகோட மூக்கைத் தடவிப் பாத்துச்சு. கையைப் பேண்ட்ல தொடைச்சுக்கிச்சு.

"இன்னும் காயலீங்ணா."