மேற்கோள்குறிக்குள் கட்டிய பெயர்

"இன்னும் என்னதான் குறை?" என்று கேட்டார் பொன்னிலிங்கம்.

ஐம்பது வயதில் சிஷ்யராக வந்தவர். குரு மங்கையர்க்கரசிக்கு அவரைவிட இருபது வயது குறைவு. அதுவே அவருக்கு உள்ளுக்குள் ஒரு முள்.

ஊர் மருத்துவமனையின் எக்ஸ்ரே படங்களைச் சேமிக்கும் கணினி நிரலைப் பொன்னிலிங்கம்தான் எழுதியிருந்தார். அன்றைக்கு மருத்துவமனையோடு இணைத்து வெள்ளோட்டம். குரு தலையாட்டாவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவது என்ற முடிவோடுதான் வந்திருந்தார்.

"நடுவில் எதற்கு ஷெல்?" என்றார் குரு.

ஷெல் ஒரு தரகன். எழுதிக் கொடுத்த வாக்கியத்தைப் பிரித்துப் படித்து, கணினியில் வேலைகளை ஏவுகிறவன். பொன்னிலிங்கம் கட்டளையையும் நோயாளியின் பெயரையும் ஒரே வாக்கியமாக ஒட்டி அவனிடம் நீட்டியிருந்தார். வேலையைச் செய்கிற நிரலை நேராகக் கூப்பிட்டு, பெயரைத் தனியாக அதன் கையில் கொடுங்கள் என்று குரு முன்பே சொல்லிப் பார்த்தாயிற்று. இருபது வருஷமாக ஷெல்லோடு குப்பை கொட்டியவனுக்கே பாடமா என்று பொன்னிலிங்கம் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பெயரை மேற்கோள்குறிக்குள் கட்டி வைத்திருக்கிறேன், முடிந்தால் அவிழ்த்துப் பாருங்கள் என்று சவால் விட்டார்.

குரு ஒரு படத்தை அனுப்பினார். அதில் நோயாளியின் பெயருக்குள்ளேயே ஒரு மேற்கோள்குறி, அதன் பின்னால் எல்லாவற்றையும் அழி என்ற கட்டளை. கட்டு அங்கேயே அவிழ்ந்தது. மிச்சத்தை ஷெல் உத்தரவாக எடுத்துக்கொண்டான். சோதனைக்கு வைத்திருந்த படங்கள் அத்தனையும் போயே போச்சு.

பொன்னிலிங்கத்துக்குக் காது சிவந்தது. "எந்தப் பைத்தியக்காரன் இப்படிப் பெயர் வைப்பான்?"

"நான் வைத்தேனே."

விடுவாரா மனுஷர்? மேற்கோள்குறிக்குத் தடை போட்டார். குரு டாலர் குறியோடு வந்தார்; ஷெல்லுக்கு அதுவும் ஓர் ஏவல் குறி. அதற்கும் தடை. குரு வேறொன்றோடு வந்தார். கடைசியில் எரிச்சல் தாங்காமல், ஆங்கில எழுத்தும் எண்ணும் தவிர எதுவும் உள்ளே வரக்கூடாது என்று ஒரேயடியாகக் கதவைச் சாத்தினார்.

"இப்போது வாருங்கள் பார்க்கலாம்."

குருவால் நுழைய முடியவில்லை. பொன்னிலிங்கத்துக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

அப்போது குருவின் கைபேசி அடித்தது. மருத்துவமனை நர்ஸ். வரப்பில் விழுந்து கை ஒடிந்த ஒரு பெண்ணின் படம் ஏற மாட்டேன் என்கிறதாம், டாக்டர் அதற்காகக் காத்திருக்கிறாராம். பெயர் மு. சுடலைவடிவு. வழக்கம்போலத் தமிழில்தான் அடித்தாராம்.

குரு கைபேசியை அவரிடம் நீட்டினார்.

"பெயரை மாற்றிக்கொண்டு வரச் சொல்லுங்கள்" என்றார்.

பொன்னிலிங்கம் வாங்கிக் காதில் வைத்தார். அந்தப் பக்கம் யாரோ வலியில் முனகுவது கேட்டது.

"ஏன் மாற்ற வேண்டும்?" என்றார், யார்மேல் கோபம் என்றே தெரியாமல். "அந்த அம்மா பெயர் அப்படியே இருக்கட்டும். டாக்டரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள்."

போட்ட தடைகளை எல்லாம் அழித்தார். பிறகு, ஷெல்லைக் கூப்பிட்ட வரியையும் அழித்துவிட்டு, குரு சொன்னபடி பெயரைத் தனியாகக் கொடுக்க ஆரம்பித்தார்.