உருண்டைக்கு ஒரு குச்சி ஐஸ்

குருவிமடைக் காட்டில் மாசாணி என்றொரு கரடி இருந்தது. அதற்கு ஒரே ஒரு குட்டி. பெயர் உருண்டை. பெயருக்கு ஏற்ற உடம்பு, உடம்புக்கு ஏற்ற வாய்.

சித்திரை மாதத்தில் ஒருநாள் மருத மரப் பொந்திலிருந்து தேன் வாசனை அடித்தது. அம்மா வரும்வரை காத்திருக்க உருண்டைக்குப் பொறுமை இல்லை. பொந்துக்குள் நாக்கை நீட்டியது. தேனீக்கள் அந்த நாக்கிலேயே கொட்டிவிட்டன.

நாக்கு வீங்கி வாயை அடைத்துக்கொண்டது. இரண்டு நாளாகப் பால் இல்லை, தண்ணீர் இல்லை. வெயில் வேறு கொளுத்தியது. பந்தாக உருண்டுகொண்டிருந்த குட்டி துவண்டு கிடந்தது. மாசாணி அதை நக்கி நக்கிப் பார்த்தது.

அதைப் பார்த்த அணில் செங்கமலம் ஓடி வந்தது.

"அக்கா, குட்டிக்குக் குச்சி ஐஸ் கொடுத்துப் பாருங்க! சில்லுனு நாக்குல வச்சா வீக்கம் வத்தும். கரையற சாறு தானா தொண்டையில இறங்கும்."

"இந்தக் காட்டுல ஐஸுக்கு நான் எங்க போவேன் கண்ணு?"

"நான் குடியிருக்கிற பங்களாவுல பிரிட்ஜ் இருக்குதுங்க!"

செங்கமலம் குடியிருந்தது அடிவாரத்துப் பழைய பங்களாவின் கூரையில். காட்டுத்தீக்குப் பயந்து கோடையில் அங்கே ஆட்களை விடுவதில்லை. காவல்காரரும் கதவைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார். ஆனால் கூரையில் சோலார் பலகை இருந்தது. அதனால் சமையலறையில் பிரிட்ஜ் மட்டும் யாருக்காகவோ உறுமிக்கொண்டே இருந்தது. சமையல்காரர் ஐஸ் செய்வதைச் செங்கமலம் ஓட்டு இடுக்கு வழியாகப் பலமுறை பார்த்திருக்கிறது.

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக மாசாணி குட்டியைத் தூக்கிக்கொண்டு, உடைந்த சன்னல் வழியாக உள்ளே இறங்கியது. சமையலறைத் தரை குளிர்ச்சியாக இருந்தது. குட்டியை அங்கேயே படுக்க வைத்தது.

நன்றாகப் பழுத்துக் குழைந்த காட்டு மாம்பழங்களாகப் பார்த்துப் பத்து எடுத்து வந்திருந்தது. நகத்தால் தோலை உரித்தது. சதையைக் கைக்குள் வைத்துப் பிழிந்தது. நார் கையில் நின்றது, சாறு சட்டியில் விழுந்தது. காட்டு மாம்பழம் கொஞ்சம் புளிக்கும், அதற்குத் தேன் வேண்டும். மாசாணி நேராக அந்த மருத மரத்துக்கே போய் ஒரு கை தேன் அள்ளி வந்தது. தேனீக்களுக்கும் அதற்கும் என்ன பேச்சு நடந்தது என்று தெரியாது. திரும்பி வந்தபோது மூக்கு மட்டும் கொஞ்சம் பருத்திருந்தது.

தேனைக் கலந்து, நான்கு சின்ன டம்ளர்களில் ஊற்றி, பிரிட்ஜுக்குள் மேலே இருந்த ஐஸ் அறையில் வைத்தார்கள்.

"இனிமேதான் முக்கியம் அக்கா!" என்றது செங்கமலம். "மதியம் பாதி உறைஞ்சிருக்கும். அப்பத்தான் குச்சியைக் குத்தணும். இப்பவே குத்தினா சாஞ்சுக்கும். சாயங்காலம் கல்லு மாதிரி ஆயிடும். அதுவரைக்கும் கதவைத் திறக்கவே கூடாது!"

"சரி கண்ணு."

"நான் ஓடைக்கு அந்தப் பக்கம் போய் மூங்கில் குச்சி கொண்டு வர்றேன். கதவு பத்திரம்!"

அணில் போய்விட்டது. மாசாணி குட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து, அதன் வயிறு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தது. அது நின்றுவிடக் கூடாதே என்பதுதான் அதன் கவலை எல்லாம்.

குருவிமடைக் காட்டுக்கு ஒரு பழக்கம் உண்டு. யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் நேரில் போய் ஓர் எட்டுப் பார்த்துவிட்டு வர வேண்டும். போகாவிட்டால் பேரன் காலம் வரை சொல்லிக் காட்டுவார்கள். வெறுங்கையோடும் போகக் கூடாது. வருகிறவர்களுக்கெல்லாம் என்ன ஆயிற்று, எப்படி ஆயிற்று என்று வீட்டார் முதலிலிருந்து சொல்ல வேண்டும். நோயிலிருந்து பிழைத்து, இதில் படுத்துவிட்டவர்களும் அந்தக் காட்டில் உண்டு.

முதலில் வந்தது மந்தி மருதாசலம். ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தது.

"என்ன மாசாணி இது? ஒரு வார்த்தை சொல்லி அனுப்பக் கூடாதா? நாங்க என்ன அசலா?"

மாசாணி தேனீக் கதையைச் சொன்னது. மருதாசலம் உச்சுக் கொட்டிக்கொண்டே ஒரு வாழைப்பழத்தை உரித்தது. குட்டியால்தான் சாப்பிட முடியாதே! அதனால் அதுவே சாப்பிட்டது.

"இந்தப் பெட்டிக்குள்ளதான் மருந்து இருக்குதா?"

"ஆமாங்கண்ணா. ஆனா திறக்கக் கூடாதுன்னு..."

"அடடே, நான் என்ன எடுத்துத் திங்கவா போறேன்? புள்ளை மேல அக்கறை இருக்கப்போய்க் கேக்கறேன். ஒரே ஒரு தடவை பாத்துக்கறேன்!"

வீடு தேடி வந்தவரிடம் எப்படி முடியாது என்று சொல்வது? மாசாணியே எழுந்து போய்க் கதவைத் திறந்து காட்டியது.

குளிர்காற்று முகத்தில் அடித்தது. அந்த நொடியே மருதாசலத்துக்கு அக்கறை இரண்டு மடங்கானது. நான்கு டம்ளர்களையும் ஒவ்வொன்றாக, நிதானமாக, கண்ணை மூடிக்கொண்டு பார்த்தது.

"நல்லாத்தான் இருக்குது. தைரியமா இரு!" என்று சொல்லிவிட்டு மீதி வாழைப்பழங்களோடு வெளியே போனது. போகிற வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனது. "இன்னும் பாக்கப் போகலையா? என்ன ஜென்மங்கள் நீங்க! பங்களாவுக்குள்ளே என்ன குளிர்ச்சி தெரியுமா!"

பிறகு கேட்க வேண்டுமா! காடே திரண்டு வந்தது.

மான்கள் குடும்பத்தோடு வந்து, உறைந்ததா என்று பார்த்தன. முயல்கள் எட்டவில்லை என்று ஒன்றன் மேல் ஒன்று ஏறி நின்று பார்த்தன. காட்டுப்பன்றி முதுகைக் குளிருக்குக் காட்டிக்கொண்டு, தன் அத்தை மகனைத் தேள் கொட்டிய கதையை ஆரம்பத்திலிருந்து சொன்னது. கதவு அதுவரை திறந்தே இருந்தது. முடிவில் அத்தை மகன் செத்துப்போனான். "அதுக்காக நீ பயப்படாதே!" என்று ஆறுதலும் சொன்னது.

ஒவ்வொருவருக்கும் மாசாணி கதை சொன்னது. ஒவ்வொருவருக்கும் கதவைத் திறந்தது. கொண்டுவந்த பழங்களை அவர்களுக்கே நறுக்கிக் கொடுத்தது. குட்டிக்கு விசிறக்கூட நேரமில்லை.

உச்சி வேளையில் செங்கமலம் வாயில் குச்சிகளோடு ஓடி வந்தது. பிரிட்ஜ் கதவு அகலத் திறந்திருந்தது. மயில் கழுத்தை உள்ளே விட்டு நின்றுகொண்டிருந்தது.

செங்கமலம் தாவி ஏறி டம்ளரைப் பார்த்தது. சாறு காலையில் ஊற்றியபோது எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. வாயிலிருந்த குச்சிகள் கீழே விழுந்தன.

"யாரு திறந்தது?"

"நான் ஒரே ஒரு தடவைதான்!" என்றது மயில்.

"நாங்களும் ஒரே ஒரு தடவைதான்!" என்றன மான்கள். வெளியே வரிசையில் நின்றவர்களும் அதையே சொன்னார்கள். ஒருவர்கூடப் பொய் சொல்லவில்லை.

இரண்டாம் முறை பார்க்க வந்திருந்த மருதாசலம் தொண்டையைச் செருமியது.

"ஒரு தடவை திறந்ததுல என்ன ஆயிடப் போகுது? பெட்டியிலதான் கோளாறு. கதவை நல்லாத் திறந்து வச்சு, எல்லாருமாச் சேர்ந்து பரிசோதனை பண்ணிடலாம்!"

"ஆமாம், ஆமாம்!" என்றார்கள் எல்லோரும்.

அப்போது உருண்டை அழப் பார்த்தது. சத்தம் வரவில்லை. வாய் மட்டும் கொஞ்சம் அசைந்தது.

வந்தவர்கள் மேல்கூட மாசாணிக்குக் கோபம் வரவில்லை. 'திறந்து காட்டியது என் கைதானே! இவர்கள் மனம் கோணக் கூடாது என்று என் குட்டியைக் காயப் போட்டேனே!' என்று தன் கையையே பார்த்துக்கொண்டு அழுதது. கூட்டத்துக்கு முன்னால் இருந்ததால் அந்த அழுகையையும் சத்தமில்லாமல் அழுதது.

சமையலறை மூலையில் விறகு அடுக்கு சரிந்தது. அதன் பின்னாலிருந்து முள்ளம்பன்றி முனியப்பன் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்தது. முனியப்பன் யாரோடும் சேராது. யார் வீட்டுக்கும் போகாது. பகலெல்லாம் தூங்கும். வளை புழுங்கியதால் அன்று இங்கே வந்து படுத்திருந்தது. காட்டில் அதற்கு நல்ல பெயர் கிடையாது.

"இங்க என்ன சந்தையா நடக்குது? மனுசன் தூங்க வேண்டாமா?" என்று கத்தியது. முள்ளம்பன்றிதான், ஆனாலும் கோபத்தில் அப்படித்தான் வந்தது.

முனியப்பன் குட்டியைப் பார்த்தது. கரடியைப் பார்த்தது. திறந்திருந்த கதவைப் பார்த்தது.

"எவ்வளவு நேரம் மூடி வைக்கணும்?" என்று அணிலைக் கேட்டது.

"சாயங்காலம் வரைக்குமுங்க. நடுவுல ஒருக்கா மட்டும் குச்சி குத்தணும்."

"நானும் சாயங்காலம் வரைக்கும் தூங்கணும். இங்கேயே தூங்கறேன். குச்சி குத்தறப்ப எழுப்பு."

முனியப்பன் காலால் கதவைத் தள்ளிச் சாத்தியது. கதவோடு ஒட்டிப் படுத்தது. முள்ளையெல்லாம் கூட்டத்தின் பக்கமாக விறைத்து வைத்துக்கொண்டு கண்ணை மூடியது. கொஞ்ச நேரத்தில் குறட்டையும் வந்தது.

"பார்த்தீங்களா அநியாயத்தை! எழவு வீடு மாதிரி இருக்குது, இவன் கால் நீட்டித் தூங்கறான்!" என்றது காட்டுப்பன்றி.

"குட்டிக்கு என்ன ஆச்சுன்னு ஒரு வார்த்தை கேட்டானா?" என்றது மயில்.

மருதாசலம் ஒரு கையை நீட்டிப் பார்த்தது. முள் குத்தியது. கையை உதறிக்கொண்டு, "கல்நெஞ்சன்!" என்றது.

கதவு திறக்காத வீட்டில் புழுக்கம் அதிகம். குளிர் இல்லாத இடத்தில் அக்கறையும் அதிக நேரம் நிற்கவில்லை. ஒவ்வொருவராக, "வேலை கிடக்குது, வரட்டுமா?" என்று கிளம்பினார்கள். மாசாணி அன்று முதல் தடவையாகக் குட்டியைத் தன் மடியில் போட்டு விசிறியது.

வெயில் சாயத் தொடங்கியபோது செங்கமலம் முனியப்பனை எழுப்பியது. மாசாணி கதவைத் திறந்தது. சாறு பாதி இறுகிக் கூழாக நின்றது. செங்கமலம் கண் இமைப்பதற்குள் நான்கு குச்சிகளையும் குத்தியது. கதவு மூடியது. முனியப்பன் மறுபடியும் படுத்தது.

பொழுது இறங்கியதும் எடுத்தார்கள். டம்ளரைக் கொஞ்சம் தண்ணீரில் முக்கிச் சுழற்ற, மஞ்சள் மஞ்சேரென்று குச்சி ஐஸ் வழுக்கிக்கொண்டு வெளியே வந்தது.

மாசாணி அதைக் குட்டியின் நாக்கில் வைத்தது. உருண்டை கண் திறக்கவில்லை. ஒரு சொட்டு கரைந்து உள்ளே போனது. இன்னொரு சொட்டு. பிறகு நாக்கு அசைந்தது. பிறகு தொண்டை அசைந்தது. இரண்டாவது ஐஸ் தீர்ந்தபோது வீக்கம் கொஞ்சம் வற்றியிருந்தது. மூன்றாவது ஐஸின் குச்சியை உருண்டையே கையில் பிடித்துக்கொண்டது.

"இன்னும்..." என்றது, குழறிக் குழறி.

மாசாணி இந்தத் தடவை சத்தம் போட்டே அழுதது.

நான்காவது ஐஸை எடுத்துக்கொண்டு முனியப்பனைத் தேடியது. முனியப்பன் எப்போதோ தன் வளைக்குப் போய்விட்டிருந்தது.

அடுத்த நாள் ஆலமரத்தடியில் மருதாசலம் எல்லோரையும் கூட்டிப் பேசியது.

"உருண்டை பிழைச்சுக்கிச்சு! எதனால? நாம எல்லாரும் மாறி மாறிப் போய்ப் பாத்துக்கிட்டதால! ஒருத்தர்கூட அலட்சியமா இருக்கலை. அந்த முள்ளம்பன்றி ஒருத்தன்தான் விதிவிலக்கு. ஒரு உயிர் ஊசலாடறப்ப, நாள் பூரா தூங்கினவன்!"

எல்லோரும் கை தட்டினார்கள். அந்த நேரம் பார்த்து மைனா ஒன்று செய்தி கொண்டு வந்தது. "உங்களுக்குத் தெரியுமா? நேத்து நாள் பூரா முள்ளை விறைச்சே வச்சிருந்ததுல முனியப்பனுக்கு முதுகு பிடிச்சுக்கிச்சாம்! அசைய முடியலையாம்!"

"அடப்பாவமே!" என்றது மருதாசலம். ஆயிரம் கோபம் இருந்தாலும் பழக்கத்தை விட முடியுமா? "நமக்குப் பெரிய மனசு வேணும். வாங்க, ஒரே ஒரு எட்டுப் பாத்துட்டு வந்துடலாம்!"

காடே பழங்களோடு கிளம்பியது.

முனியப்பனின் வளை வாசலில் கறுப்பாக, பெரிதாக ஏதோ அடைத்துக்கொண்டிருந்தது. கிட்டப் போய்ப் பார்த்தால் மாசாணியின் முதுகு! மடியில் குட்டியைப் போட்டுக்கொண்டு, வாசலை மறைத்து உட்கார்ந்தபடி மாசாணி நன்றாகக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது.

"மாசாணி! கொஞ்சம் நகரு. ஒரே ஒரு தடவை பாத்துக்கறோம்!"

குறட்டை இன்னும் பலமானது. மடியில் கிடந்த உருண்டை மட்டும் ஒரு கண்ணைத் திறந்து, வாயில் விரலை வைத்து, "உஷ்!" என்றது.

"நன்றி கெட்ட ஜென்மம்! அவனுக்கு உடம்பு சரியில்லாதப்ப இவளும் தூங்கறா பாரு!" என்று திட்டிக்கொண்டே எல்லோரும் திரும்பிப் போனார்கள். கொண்டுவந்த பழங்களை வழியிலேயே சாப்பிட்டார்கள். உள்ளே முனியப்பன் நிம்மதியாகத் தூங்கியது.

அக்கறையைக் காட்ட வருகிறவர் கதவைத் திறந்து திறந்து பார்ப்பார். அக்கறை உள்ளவரோ கதவைச் சாத்திவிட்டுக் காவல் இருப்பார்.